அதே தலைப்பில் வேறொருவர் எழுதிவிட்டார், நான் என்ன செய்வது?

உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எட்டு மாதம் ஆன ஓர் ஆய்வாளரின் கடிதம் இது. பெயர், நிறுவனம் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

‘கல்லூரி மாணவர்களின் தூக்கத்தில் கைபேசியின் தாக்கம்’ என்பது அவர் பதிவு செய்த தலைப்பு. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறார். அறுபதைப் படித்து, கட்டுரைக்கு ஒரு பத்தி என்று எழுதி நெறியாளரிடம் கொடுத்தார். “மற்றவர்கள் சொன்னதெல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது எங்கேயும் இல்லையே, இடைவெளி எங்கே?” என்று திருப்பித் தந்துவிட்டார். போன மாதம், ஏறக்குறைய இதே தலைப்பில் வேறொரு நாட்டில் செய்த ஆய்வு வெளியாகியிருப்பது கண்ணில் பட்டது. “அன்றிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை” என்கிறார். இதற்கிடையில், நாள் வீணாகக் கூடாது என்று கூகுள் ஃபார்மில் ஒரு கேள்வித்தாளைப் போட்டு, தெரிந்த ஆசிரியர்கள் வழியாக 140 மாணவர்களிடம் பதிலும் வாங்கிவிட்டார்.

அவர் கேட்பவை: தலைப்பை மாற்றிவிடலாமா? எவ்வளவு படித்தால் போதும்? வாங்கிய பதில்களைப் பயன்படுத்தலாமா? மீளாய்வு அத்தியாயத்தை (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அலசும் பகுதி) ஏஐ-யிடம் கொடுத்துவிடச் சொல்கிறார் நண்பர், அது சரியா? கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அந்த வெளிநாட்டு ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதினால் தவறாக நினைப்பாரா?

அன்புள்ள வாசகருக்கு,

தலைப்பை மாற்றாதீர்கள். அந்தக் கட்டுரை வந்ததால் உங்கள் கையிலிருந்து ஏதோ பறிபோய்விட்டது என்று நினைக்கிறீர்கள். இதுவரை யாரும் தொடாத ஒன்றைத்தான் ஆராய வேண்டும் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. முதல் ஆண்டில் பலருக்கும் வரும் எண்ணம்தான் அது, ஆனால் சரியில்லை. யாருமே தொடாத இடம் என்றால், தொடத் தேவையில்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட இடமாகவும் இருக்கலாம்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் அளவில் முக்கியமான முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது அப்படிக் காட்டியவை 36 சதவீதம்தான். ‘முன்பே செய்துவிட்டார்கள்’ என்பதும் ‘விடை தெரிந்துவிட்டது’ என்பதும் ஒன்றாகிவிடாது. அந்தக் கட்டுரையை எதிராளி போலப் பார்க்காமல், பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். யாரிடம் கேட்டார்கள், கைபேசிப் பயன்பாட்டை எப்படி அளந்தார்கள், தூக்கத்தை எதைக் கொண்டு அளந்தார்கள், ஒரே முறை கேட்டார்களா, மறுபடியும் கேட்டார்களா? பிறகு ‘வரம்புகள்’ என்ற பகுதிக்குப் போங்கள். எங்களால் முடியாமல் போனது இது என்று ஆசிரியர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும் இடம் அது. பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

இடைவெளியை எங்கே தேடுவது

உங்கள் நெறியாளர் ‘இடைவெளி’ என்று சொன்னதும், ஆளில்லாத காலி மனையைத் தேடுவதுபோல் தேட ஆரம்பித்திருக்கிறீர்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் கூட்டம் உள்ள இடத்தில், இரண்டு ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத புள்ளியில்தான் கிடைக்கின்றன. உங்கள் தலைப்பிலேயே செய்து காட்டுகிறேன்.

2016-இல் ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வு, வந்தது. 20 ஆய்வுகள், மொத்தம் 1,25,198 குழந்தைகளும் பதின்பருவத்தினரும். படுக்கும் நேரத்தில் கைபேசி, டேப்லெட் போன்றவற்றைப் பயன்படுத்துவோரிடம் போதிய நேரம் தூங்காமை அதிகம் என்று கண்டார்கள். வாய்ப்பு விகிதம் 2.17 (இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லையென்றால் இது 1 ஆக இருக்கும்). பயன்படுத்தாமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தவர்களிடமும் அது கூடுதலாகவே இருந்தது. ஆனால் அதில் சேர்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே முறை எடுத்த கணக்கெடுப்புகள்.

இதற்குப் பக்கத்தில் 2014-இல் கனடாவின் பல்கலைக்கழக மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வை வையுங்கள். தூக்கப் பிரச்சினை இருந்தவர்கள்தான் பின்னால் தொலைக்காட்சியிலும் சமூக வலைத்தளங்களிலும் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். அந்தப் பயன்பாடு பின்னாளைய தூக்கப் பிரச்சினையை முன்னறிவிக்கவில்லை என்று அது சொல்கிறது. அதாவது, தூக்கம் வராதவர் திரையைத் தேடிப் போகிறார். உங்கள் தலைப்போ கைபேசியிலிருந்து தூக்கத்தை நோக்கி மட்டுமே அம்பு போடுகிறது.

மூன்றாவதாக ஆய்வகச் சோதனை ஒன்று, 2015. வெறும் 12 பேர். படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்த இரவுகளில், அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூங்க ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைந்தது. அப்படியானால் வெளிச்சம் ஒரு காரணம். ஆனால் நான்கு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் என்றால், இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் மாணவருக்கு வெளிச்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? பார்க்கும் விஷயம் மனதைக் கிளறுவதாலா? தூங்க வேண்டிய நேரத்தையே அது தின்றுவிடுவதாலா? இரவில் வரும் அறிவிப்பு ஒலியாலா?

இன்னும் ஒன்று. தாங்கள் எவ்வளவு நேரம் திரை பார்த்தோம் என்று மக்கள் சொல்வதையும், கருவி பதிவு செய்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2021-இல் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.38 தான் (முழுமையாக ஒத்துப்போனால் 1 வரும்). ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று மாணவரிடம் கேட்டு எழுதிக்கொண்ட ஆய்வுகளையெல்லாம் இதைப் படித்த பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான்கே ஆய்வுகள்தான். அவற்றை எதிரெதிரே உட்கார வைத்ததும் கேள்வி தானாக மேலே வருகிறது பாருங்கள். ‘கைபேசி தூக்கத்தைப் பாதிக்கிறதா’ என்பது தலைப்பு மட்டுமே. ‘கல்லூரி மாணவர்களிடம், படுத்த பிறகு கைபேசி பார்த்த நேரம் அன்றைய இரவுத் தூக்கத்தைக் குறைக்கிறதா, அல்லது முந்தைய இரவின் மோசமான தூக்கம் மறுநாள் இரவுப் பயன்பாட்டைக் கூட்டுகிறதா?’ என்பது ஆய்வுக் கேள்வி. யார், எது, எப்போது, எதனோடு ஒப்பிட்டு என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. எப்படி ஆராய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது: ஒரே முறை நிரப்பும் கேள்வித்தாள் இதற்கு உதவாது. இரண்டு வாரமாவது தினமும் ஒரு சிறு தூக்கக் குறிப்பேடு வேண்டும். கைபேசியே காட்டும் திரைநேரக் கணக்கும் வேண்டும்.

இதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு அறிவிப்பு ஒலிகளை எடுத்துக்கொள்ளலாம், பார்க்கும் உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், விடை ‘ஆம்’ என்று வந்தாலும் ‘இல்லை’ என்று வந்தாலும் யாராவது ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எப்படி வந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றால் கேள்வியை இன்னும் தீட்ட வேண்டும். அடுத்து, கையிலிருக்கும் காலத்தில், கிடைக்கும் ஆட்களை வைத்து முடிக்க முடியுமா என்பது. இங்கேதான் பெரிய கனவுகள் உடைகின்றன. முதல் ஆண்டிலேயே உடைந்துவிட்டால் நல்லது.

கேள்வியை ‘பைக்கோ’ கட்டங்களில் அடைக்க முயன்றதாகவும் எழுதியிருந்தீர்கள். அது 1990-களில் மருத்துவச் சிகிச்சைகளை ஒப்பிடுவதற்காக வந்த சட்டகம். நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று போகும். உங்கள் ஆய்வில் சிகிச்சை எதுவும் இல்லை. பொருந்தாத சட்டையைப் போட்டு நெளிய வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எவ்வளவு படித்தால் போதும்?

எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் கேள்வி வரும் என்று காத்திருக்கிறீர்கள். வராது. முப்பது நாற்பது கட்டுரை படித்ததும் ஒரு கரடுமுரடான கேள்வியை எழுதிவிட வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியும். படிக்கப் படிக்கக் கேள்வி மாறும், மாறட்டும். உங்களிடம் இறக்கி வைத்திருக்கும் இருநூற்றில் பாதியை, சுருக்கத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடலாம் என்பது என் ஊகம்.

தேடுவதற்கு ஒரு முறை வேண்டும். ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றுவீர்கள். ஒரே பொருளை ஸ்மார்ட்போன், மொபைல் போன், திரைநேரம், மின்னணு ஊடகம் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள். ஒத்த சொற்களை ‘ஆர்’ (OR) போட்டு இணைத்து, கைபேசி பற்றிய சொற்களின் கூட்டத்தையும் தூக்கம் பற்றிய சொற்களின் கூட்டத்தையும் ‘அண்ட்’ (AND) போட்டுச் சேருங்கள். கூகுள் ஸ்காலர் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட், உளவியல் கட்டுரைகளுக்கான சைக்இன்ஃபோ ஆகிய தரவுத்தளங்கள் இரண்டிலும் அதே தேடலை ஓட்டுங்கள். அப்புறம், முக்கியமான நாலைந்து கட்டுரைகளிலிருந்து இரண்டு பக்கமும் நடங்கள்: அவை யாரை மேற்கோள் காட்டின என்று பின்னோக்கி, அவற்றை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னோக்கி. எந்தத் தளத்தில், எந்தச் சொற்களை, எந்தத் தேதியில் தேடினீர்கள், எத்தனை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

தேடல் அரைகுறையானால் என்ன ஆகும் என்பதற்கு 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வார்கள். ஆஸ்துமா பற்றிய ஆய்வில், நலமாக இருந்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை முகர்ந்தார். நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். ஆய்வாளர் முன்னாய்வுகளைத் தேடாமல் இல்லை. ஆனால் அவர் தேடிய தரவுத்தளத்தில் அப்போது 1966-க்குப் பிந்தைய கட்டுரைகள்தான் கிடைத்தன. அந்த மருந்தால் நுரையீரலுக்கு வரும் கேட்டைப் பற்றிய கட்டுரைகள் 1950-களில் வெளியானவை. உங்கள் ஆய்வில் உயிராபத்து இல்லைதான். ஆனாலும் ஒரு தளம் எந்த ஆண்டிலிருந்து, எந்த இதழ்களிலிருந்து தருகிறது என்று தெரியாமல் ‘இது பற்றி ஆய்வே இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ‘நான் தேடிய அளவில் காணவில்லை’ என்பதுதான் நேர்மையான வாக்கியம்.

எப்போது நிறுத்துவது? புதிய தளத்தில் தேடினாலும் ஏற்கெனவே பார்த்த கட்டுரைகளே வருகின்றன, மேற்கோள்களைத் துரத்தினாலும் அதே பெயர்களுக்கே வந்து சேர்கிறோம் என்ற நிலை வரும். அங்கே நிறுத்தலாம். ஆய்வேடு முடியும்வரை மாதம் ஒருமுறை அதே தேடலை ஓட்டிப் புதியவற்றை மட்டும் சேருங்கள். மேற்கோள்களுக்கு ஸோட்டிரோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பிழையோ மோசடியோ தெரிந்து இதழே திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் பட்டியலில் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் மேற்கோள்கள் நின்றபாடில்லை.

ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதாதீர்கள்

அறுபது பத்தி எழுதிய உழைப்பு வீணில்லை. அது மீளாய்வுக்கான மூலப்பொருள். மீளாய்வு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். ஒரு எக்செல் தாளைத் திறந்து, வரிசைக்கு ஒரு கட்டுரை போடுங்கள். நெடுவரிசைகளில்: ஆண்டு, பங்கேற்றவர்கள், ஆய்வு வடிவமைப்பு, கைபேசியை அளந்த விதம், தூக்கத்தை அளந்த விதம், முடிவு, வரம்பு, என் சந்தேகம். இந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

நிரப்பியதும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ‘கைபேசியை அளந்த விதம்’ என்ற நெடுவரிசையில் ‘தன்கூற்று, தன்கூற்று, தன்கூற்று’ (பங்கேற்றவர் தானே சொன்னது) என்று வரிசையாக வந்தால் உங்கள் அத்தியாயத்தின் ஒரு பகுதி அங்கேயே தயார். எழுதும்போது நெடுவரிசையை எழுத வேண்டும். நீங்கள் எழுதியது வரிசையை. நெறியாளர் திருப்பித் தந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

‘முறையான மீளாய்வு’ (முன்கூட்டியே வகுத்த விதிப்படி ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது) செய்தே ஆக வேண்டுமா என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. ‘பிரிஸ்மா’ பட்டியலின் 27 அம்சங்களும் அப்படிப்பட்ட மீளாய்வை அறிக்கையிடுவோருக்கானவை. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்துக்கு, உங்கள் நிறுவனம் கேட்டாலொழிய, அது கட்டாயமில்லை. தேடியது எப்படி என்று வெளிப்படையாகச் சொன்னால் போதும். செய்யாமலேயே ‘முறையான மீளாய்வு’ என்று மட்டும் தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

அந்த 140 பதில்கள்

இதில்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. நீங்களோ கடிதத்தில் இரண்டு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் அறநெறிக் குழுவின் அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னும் வாங்கவில்லை என்றால், இன்றைக்கே அந்த ஃபார்மை மூடுங்கள். இத்தகைய குழுக்கள் பொதுவாகப் பின்தேதியிட்டு அனுமதி தருவதில்லை. அனுமதியில்லாமல் சேர்த்த தரவை ஆய்வேட்டிலோ இதழிலோ போட்டால், கட்டுரை நிராகரிக்கப்படுவதோடு நிற்காமல், ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம். ஆசிரியர்கள் வழியாக மாணவர்களிடம் கேட்டீர்கள் என்பது இன்னொரு சிக்கல். வகுப்பாசிரியர் அனுப்பிய ஃபார்மை ‘மாட்டேன்’ என்று சொல்ல எத்தனை மாணவருக்குத் துணிச்சல் வரும்? அதைச் சுதந்திரமான ஒப்புதல் என்று குழு ஏற்காமல் போகலாம்.

நீங்களாகவே நெறியாளரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் அவராகக் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். வைத்திருப்பதா, அழிப்பதா என்பதையும் குழுவைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பதற்றத்தில் அழித்துவிட வேண்டாம்.

அனுமதி இருந்திருந்தாலும் அந்தத் தரவு உங்களுக்குப் பெரிதாக உதவாது. கேள்வி இல்லாமல் சேர்த்தது அது. இப்போது அதைத் திறந்து, எது எதனோடு தொடர்பு காட்டுகிறது என்று பார்த்து, அதையே ‘என் கருதுகோள்’ என்று எழுதத் தோன்றும். முடிவைப் பார்த்த பிறகு கருதுகோளைப் பின்னுவதை நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1998-லேயே விரிவாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். போதிய எண்ணிக்கையில் மாறிகள் (அளந்த அம்சங்கள்) இருந்தால், தற்செயலாக ஏதாவது இரண்டு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

போகிற போக்கில் ஒன்று. நீங்கள் பயன்படுத்திய பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் 1989-இல் வந்த, நன்கு சோதிக்கப்பட்ட கருவிதான். ஆனால் அது கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. இரவுக்கு இரவு மாறுவதைப் பிடிக்க அது பொருந்தாது. பதிப்புரிமையும் உள்ளது; எடுத்தாள்வதற்கு முன் உரியவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

ஏஐ பற்றி

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. தேடுவதற்கு ஒத்த சொற்களைக் கேட்கலாம், புரியாத புள்ளியியல் முறையை விளக்கச் சொல்லலாம், நீங்கள் எழுதியதன் மொழியைத் திருத்தச் சொல்லலாம். மீளாய்வையே எழுதச் சொன்னால், இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் அச்சு அசலாகத் தந்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அப்படி வந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டும்படி ஆனது. நீங்கள் திறந்து படிக்காத எதுவும் உங்கள் மேற்கோள் பட்டியலில் இருக்கக் கூடாது. பயன்படுத்துவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். வெளிப்படுத்தச் சொன்னால் வெளிப்படுத்துங்கள். இன்னொரு நஷ்டமும் உண்டு. கட்டுரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது நீங்களே படிக்கும்போதுதான் கண்ணில் படும். உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

நெறியாளரிடம் எதைக் கொண்டு போவது

அறுபது பத்தியைத் திருத்திக்கொண்டு போகாதீர்கள். ஒரே பக்கம் போதும். என்ன தெரிந்திருக்கிறது என்று ஐந்தாறு வரி, எங்கே ஒத்துப்போகவில்லை என்று மூன்று வரி, அதிலிருந்து இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் என்ன தரவு வேண்டும் என்று ஒரு வரி. ஒரே கேள்வியோடு போனால் ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டோடு போனால் எது, ஏன் என்று பேச வேண்டியிருக்கும். தலைப்பைச் சுருக்குவதை நிறுவனங்கள் பெரும்பாலும் தலைப்பு மாற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் பதிவு விதிகளைப் படித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

கடைசியாக அந்த மின்னஞ்சல். தாராளமாக எழுதலாம், தன் கட்டுரையை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்றால் எந்த ஆய்வாளருக்கும் சந்தோஷம்தான். ‘உங்கள் ஆய்வு பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பான ஒன்றைக் கேளுங்கள்: கைபேசிப் பயன்பாட்டுக்குக் கேட்ட கேள்விகளின் முழு வடிவம் கிடைக்குமா, அதே மாணவர்களைப் பிறகு தொடர்ந்தார்களா என்பதுபோல. பத்து வரிக்கு மேல் வேண்டாம். நெறியாளருக்கும் நகல் போடுங்கள். கட்டுரையில் தொடர்புக்கு என்று குறித்திருக்கும் ஆசிரியருக்கு அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடலாம்.